சொல்வதற்கு விலை: மேற்குச் சென்னைப் புறநகரில் ‘காணாமல் போகும்’ இளம்பெண்களும் தற்காப்புக் கல்வியும்

1. கேள்வி

வெளியே போன மகள் வீடு திரும்பவில்லை என்று பெற்றோர் புகார் கொடுத்தால், தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களில் முதல் தகவல் அறிக்கை பெரும்பாலும் ‘பெண் காணவில்லை’ என்ற தலைப்பில்தான் பதிவாகிறது. சட்டப்பிரிவு பிறகு வரும். விசாரணையில் தெரியவருவதைப் பொறுத்து அது கடத்தல் வழக்காகவோ, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் கீழான வழக்காகவோ, கொலை வழக்காகவோ மாறும். இல்லையென்றால், பெண் கிடைத்துவிட்டார் என்று முடித்துவைக்கப்படும். இதற்கிடையே நாளிதழிலும் சுவரிலும் வரும் அறிவிப்பில் வயது, உயரம், நிறம், உடல்வாகு, கடைசியாக உடுத்தியிருந்த சுடிதாரின் நிறம் வரை இருக்கும். போவதற்கு முன் அவர் யாரிடமாவது எதையாவது சொல்லப் பார்த்தாரா, சொல்லியிருந்தால் அவருக்கு என்ன நேர்ந்திருக்கும் என்பது மட்டும் எங்கும் இருக்காது.

விடுபட்ட அந்தக் கேள்வியை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என நீளும் சென்னையின் மேற்குப் புறநகரில் மகள்களைப் பற்றிய அச்சமும் அவர்களுக்குச் சொல்லித்தரப்படும் தற்காப்பும் எந்தப் புரிதலின்மேல் நிற்கின்றன? கிடைக்கும் சான்றுகள் அந்தப் புரிதலைத் தாங்குகின்றனவா? என் வாதம் இதுதான்: பெண்ணுக்கு வரும் ஆபத்தில் பெரும்பகுதி அவருக்குத் தெரிந்தவர்களிடமிருந்து வருகிறது. அதை வெளியே சொன்னால் படிப்போ வேலையோ கைப்பேசியோ பறிபோகும் என்ற பயம் அந்த ஆபத்தை வளர்க்கிறது. சொல்வதற்கு விலை வைக்கும் வீடும் விடுதியும் காவல் நிலையமும் அப்படியே இருக்கும்வரை, பெண்ணுக்கு மட்டும் கற்றுத்தரப்படும் தற்காப்பு அரைகுறையாகவே இருக்கும்.

2. களம்

அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964இல் தொடங்கப்பட்டது. ஆயிரம் ஏக்கருக்கும் மேல் பரந்துகிடக்கும் அதன் பட்டறைகளில் தொடக்கத்தில் லேத்தும் வார்ப்புமாக ஆண்களின் வேலைகளே மிகுந்திருந்தன. ஏற்றுமதிக்கான ஆயத்த ஆடைக் கூடங்கள் வந்தபின் பட்டரவாக்கம் நிலையத்தில் காலையில் இறங்கும் கூட்டத்தில் பெண்கள் பெருகினார்கள். திருமுல்லைவாயிலில் சிட்கோவின் மகளிர் தொழிற்பூங்கா இருக்கிறது. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை, படை உடைத் தொழிற்சாலை போன்ற பாதுகாப்புத் துறை நிறுவனங்களைச் சுற்றி ஊர் வளர்ந்தது. பூந்தமல்லி, பெங்களூரு நெடுஞ்சாலை வழியாக இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர் மின்னணுத் தொழிற்சாலைகளுக்கு ஆள் அனுப்பும் வாசல். அங்கே வேலை பார்க்கும் வெளிமாவட்டப் பெண்களின் விடுதிகள் பூந்தமல்லியைச் சுற்றிய ஊர்களில் இருக்கின்றன.

இந்தப் பெண்கள் வெளியே வருவதற்கு அரசும் நீதிமன்றமும் வழி செய்திருக்கின்றன. தொழிற்சாலைகளில் பெண்கள் இரவில் வேலை செய்வதைத் தடுத்த சட்டப்பிரிவைச் சென்னை உயர்நீதிமன்றம் 2000 டிசம்பரில் நிபந்தனைகளோடு நீக்கியது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரில் வந்தது. காலை ஆறு மணி ஷிப்டுக்குப் போகிறவர் விடியுமுன் ஷேர் ஆட்டோ பிடிக்கிறார். இரண்டாம் ஷிப்டு முடிந்தவர் இரவு பத்து மணிக்குமேல் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கித் தெருவுக்குள் நடக்கிறார். ஒரு தலைமுறைக்குமுன் இந்த ஊர்களில் பெரும்பாலான பெண்களுக்கு இந்த நடமாட்டம் வாய்க்கவில்லை. வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு பெற்றோர் காத்திருப்பதும் இதே காலத்தில் கூடியிருக்கிறது.

நிர்வாக எல்லைகளின் சிக்கலும் இக்களத்தின் ஒரு கூறு. அம்பத்தூர் சென்னை மாநகராட்சியின் ஒரு மண்டலம். 2018 முதல் சென்னை மாவட்டத்தில் இருக்கிறது. ஆவடி 2019இல் தனி மாநகராட்சியானது, பூந்தமல்லி நகராட்சி. இரண்டும் திருவள்ளூர் மாவட்டம். காவல்துறைக் கணக்கிலோ மூன்றும் 2022 ஜனவரி 1 அன்று தொடங்கிய ஆவடி மாநகரக் காவல் ஆணையரகத்துக்குள் வருகின்றன. விழுப்புரத்திலிருந்து வந்து, திருவள்ளூர் மாவட்ட விடுதியில் தங்கி, காஞ்சிபுரம் மாவட்டத் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு பெண் ஓரிரவு திரும்பவில்லையென்றால் எந்த நிலையத்துக்குப் போவது என்பதே குடும்பத்தின் முதல் குழப்பம். எந்த நிலையமும் புகாரைப் பதிந்து உரிய நிலையத்துக்கு அனுப்பவேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா சொல்கிறது. ‘உங்க லிமிட் எது?’ என்ற கேள்வி இன்னும் மறையவில்லை.

3. எண்கள் சொல்வதும் சொல்லாததும்

2019 முதல் 2021 வரை நாடு முழுவதும் 13 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களும் சிறுமிகளும் காணாமல் போனதாக ஒன்றிய அரசு 2023 ஜூலையில் நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. பதினெட்டு வயதைக் கடந்தவர்கள் 10,61,648 பேர். அதற்குக் குறைந்த வயதினர் 2,51,430 பேர். தொலைக்காட்சி விவாதங்களிலும் வாட்ஸாப் செய்திகளிலும் இந்த எண் திரும்பத் திரும்ப வந்தது. ஒவ்வொரு முறையும் அது, இத்தனை பேர் என்ன ஆனார்கள் என்றே தெரியவில்லை என்ற பொருளில் பயன்பட்டது.

ஆனால் அது புகார்களின் எண்ணிக்கை. திரும்பி வந்தவர்களை அதிலிருந்து கழிக்கவில்லை. இந்த வேறுபாட்டின் அளவைக் குஜராத் காட்டுகிறது. 2016 முதல் 2020 வரை அம்மாநிலத்தில் 41,621 பெண்கள் காணாமல் போனார்கள் என்ற செய்தி 2023 மே மாதத்தில் பரபரப்பானபோது, அவர்களில் 39,497 பேர், அதாவது ஏறத்தாழ 95 விழுக்காட்டினர், கண்டுபிடிக்கப்பட்டுவிட்டார்கள் என்று அம்மாநிலக் காவல்துறை விளக்கமளித்தது.

இந்த விளக்கத்தோடு நிம்மதி அடைந்துவிட முடியாது. கண்டுபிடிக்கப்பட்டவர் எந்த நிலையில் கண்டுபிடிக்கப்பட்டார், அவர் விரும்பித்தான் வீடு திரும்பினாரா, திரும்பியபின் என்ன ஆனார் என்பவற்றை அந்த 95 விழுக்காடு சொல்வதில்லை. எஞ்சிய ஐந்து விழுக்காட்டில் கடத்தலும் கொலையும் இருக்கக்கூடும். புகாரே ஆகாத மறைவுகளும் உண்டு. திருவள்ளூர் மாவட்டச் செங்கல் சூளைகளிலிருந்து ஒடிசாத் தொழிலாளர்கள் பலமுறை மீட்கப்பட்டிருக்கிறார்கள். மொழி தெரியாத ஊரில், முன்பணக் கடனில் கட்டுண்ட குடும்பத்தின் மகள் மறைந்தால் அது நிலையம்வரை வருவதே கடினம். ஆக, பீதியூட்டும் மொத்த எண், ஆறுதலூட்டும் விழுக்காடு இரண்டுமே தற்காப்புக் கல்விக்கு வழிகாட்டப் போதாதவை. யார், ஏன், யாரிடமிருந்து என்று பிரித்துப் பார்த்தாக வேண்டும்.

4. ஒரே தலைப்பின்கீழ் பல நிகழ்வுகள்

பிரித்துப் பார்க்கும் வேலையை நீதிமன்றங்கள் நெடுநாளாகச் செய்துவருகின்றன. அவற்றில் முன்னோடியான தீர்ப்புக்குரிய வழக்கு சென்னையிலிருந்தே போனது. 1960 அக்டோபரில், பதினெட்டு வயது நிறையச் சில வாரங்களே இருந்த கல்லூரி மாணவி ஒருவர், தான் விரும்பியவருக்குத் தானே தொலைபேசியில் பேசி, வரச்சொல்லி, அவரோடு பதிவாளர் அலுவலகத்துக்குப் போனார். தந்தை அரசு அதிகாரி, புகார் கொடுத்தார். கீழ் நீதிமன்றமும் உயர்நீதிமன்றமும் இளைஞரைக் கடத்தல் குற்றவாளி என்றன. ‘எஸ். வரதராசன் எதிர் மதராஸ் மாநிலம்’ என்ற வழக்கில் 1964இல் உச்சநீதிமன்றம் அவரை விடுவித்தது. நடப்பதை அறிந்து தானாகவே வெளியேறிய பெண்ணோடு ஒருவர் சேர்ந்து போனதாலேயே அவர் அப்பெண்ணை ‘எடுத்துச் சென்றார்’ என்றாகிவிடாது என்பது அதன் சாரம்.

அரை நூற்றாண்டுக்குப் பின்னும் நிலைமை பெரிதாக மாறவில்லை என்பதற்குச் சான்றுகள் உண்டு. டெல்லி மாவட்ட நீதிமன்றங்கள் 2013இல் தீர்ப்பளித்த பாலியல் வன்முறை வழக்குகளைப் பத்திரிகையாளர் ருக்மிணி எஸ். ஆராய்ந்தார். முழுமையாக விசாரிக்கப்பட்ட 460 வழக்குகளில் 189 வழக்குகள் விருப்பத்தோடு இணைந்த ஜோடிகளைப் பற்றியவை என்று கண்டார். அத்தகைய வழக்குகளைப் பெரும்பாலும் பெற்றோரே தொடுத்திருந்தார்கள். அசாம், மகாராஷ்டிரம், மேற்கு வங்கம் ஆகிய மூன்று மாநிலங்களின் போக்சோ தீர்ப்புகளை ஆராய்ந்து என்ஃபோல்டு அமைப்பு 2022இல் வெளியிட்ட அறிக்கையில், ஏறத்தாழ நான்கில் ஒரு வழக்கு காதல் உறவு சார்ந்தது. சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜனவரியில் ‘விஜயலட்சுமி’ வழக்கில் இத்தகைய உறவு ஒன்றைக் குற்றமாக நடத்திய வழக்கை ரத்து செய்தார். போக்சோ காதல் வழக்குகளில் அவசரப்பட்டுக் கைது செய்யவேண்டாம் என்று அப்போதைய காவல்துறைத் தலைவர் சி. சைலேந்திரபாபு 2022 டிசம்பரில் சுற்றறிக்கை அனுப்பினார்.

ஆக, ‘காணவில்லை’ என்ற தலைப்பின்கீழ் குறைந்தது நான்கு நிகழ்வுகள் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கின்றன: கட்டாயத் திருமணத்திலிருந்தோ அடியிலிருந்தோ தப்பிப் போவது, விரும்பியவரோடு போவது, வேலை ஆசை காட்டியோ காதல் பேச்சில் மயக்கியோ கொண்டுபோகப்படுவது, தாக்கப்பட்டோ கொல்லப்பட்டோ மறைக்கப்படுவது. முதல் சில மணி நேரங்களில் எது நடந்தது என்று யாருக்கும் தெரியாது. இங்கேதான் இரண்டு எதிரெதிர்த் தவறுகள் நடக்கின்றன. எல்லாவற்றையும் கடத்தலாகக் கருதி, வயதுவந்த பெண்ணைத் தேடிப்பிடித்துப் பெற்றோரிடம் ஒப்படைப்பது ஒன்று. எல்லாவற்றையும் ‘யாரோடயாவது போயிருப்பா, ரெண்டு நாள்ல வந்துடுவா’ என்று தள்ளிவிடுவது இன்னொன்று. காணாமல் போன குழந்தை குறித்த ஒவ்வொரு புகாருக்கும் முதல் தகவல் அறிக்கை பதியவேண்டும், கடத்தலாகவே முதலில் கொள்ளவேண்டும் என்று பச்பன் பச்சாவ் ஆந்தோலன் வழக்கில் 2013 மே மாதம் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது இரண்டாம் தவறைத் தடுக்கத்தான். வயதுவந்த பெண்ணுக்கு அத்தகைய கட்டளை இல்லை. அவர் விஷயத்தில் தள்ளிவிடுதல் எளிதாக நடக்கிறது.

இவ்விரண்டு தவறுகளுக்கும் பொதுவாக ஒன்று உண்டு. பெண் கிடைக்காதவரை அவர் சொல்ல நினைத்ததை யாரும் தேடுவதில்லை. கிடைத்தபின் அவர் சொல்வதைக் கேட்க யாருக்கும் பொறுமை இருப்பதில்லை.

5. பூந்தமல்லி விடுதி, 2021 டிசம்பர்

சொல்லவும் கேட்கவும் வழி இல்லாத இடத்தில் ‘காணவில்லை’ என்பது எப்படி உருவாகிறது என்பதை நெருங்கிப் பார்க்க, இந்தப் புறநகரிலேயே ஒரு நிகழ்வு இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் அருகே ஐபோன் பூட்டும் ஃபாக்ஸ்கான் ஆலையில் அப்போது ஏறத்தாழ 17,000 பேர் வேலை செய்தார்கள், பெரும்பாலோர் இளம்பெண்கள். பூந்தமல்லியை அடுத்து, திருவள்ளூர் மாவட்ட எல்லைக்குள் இருந்த ஒரு விடுதியில் 2021 டிசம்பர் நடுவில் உணவு நஞ்சானது. 159 பெண்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். ஓர் அறையில் ஆறு முதல் முப்பது பேர் வரை தரையில் படுத்தார்கள், சில கழிப்பறைகளில் தண்ணீர் வரவில்லை என்று ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்திடம் தொழிலாளர்கள் சொன்னார்கள்.

அடுத்து நடந்ததுதான் இக்கட்டுரைக்கு முக்கியம். பக்கத்துப் பாயில் படுத்திருந்தவர் எந்த மருத்துவமனையில் இருக்கிறார், எப்படி இருக்கிறார் என்று தோழிகளுக்கு யாரும் சொல்லவில்லை. சிலர் இறந்துவிட்டார்கள், மறைக்கிறார்கள் என்ற பேச்சு கைப்பேசிகளில் பரவியது. பெண்கள் இரவில் தேசிய நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். உண்மையில் யாரும் இறக்கவில்லை. பட்டியலை ஒட்டி, யார் எங்கே என்று சொல்லியிருந்தாலே வதந்திக்கு இடம் இருந்திருக்காது. ஆலை ஒரு மாவட்டத்திலும் விடுதி இன்னொரு மாவட்டத்திலும் இருக்க, இரண்டு நிர்வாகங்கள் தலையிட வேண்டியிருந்தது.

மறுநாள் காவல்துறையினரால் 67 பெண்கள் பிடித்துவைக்கப்பட்டார்கள், அவர்களுடைய கைப்பேசிகள் வாங்கிக்கொள்ளப்பட்டன, பெற்றோரைத் தொலைபேசியில் அழைத்து மகளைக் கட்டுப்படுத்தி வைக்கும்படி எச்சரித்தார்கள் என்று பிடிபட்டவர்களில் மூவரும் ஒரு தொழிற்சங்கத் தலைவரும் ஒரு வழக்கறிஞரும் ராய்ட்டர்ஸிடம் கூறினார்கள். கைப்பேசிகளைப் பறித்ததையும் மிரட்டியதையும் மாவட்டக் காவல்துறைத் தலைமை மறுத்தது. எது எப்படியாயினும், குற்றச்சாட்டின் வடிவம் எல்லோருக்கும் பழக்கமானது. சம்பாதிக்கும், வயதுவந்த தொழிலாளி ஒருவர் வாய் திறந்தால், அதன் எதிர்வினை அவருடைய அப்பாவுக்குப் போகும் தொலைபேசி அழைப்பாக வரும் என்று இங்கே யாரும் எளிதில் நம்பிவிடுவார்கள்.

ஆலை மூடப்பட்டு 2022 ஜனவரி 12 அன்று திறக்கப்பட்டது. ஆப்பிள் நிறுவனம் அதைக் கண்காணிப்பில் வைத்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கக்கூடிய குடியிருப்பை முதலமைச்சர் திறந்துவைத்தார். கட்டடம் மேம்பட்டது பெரிய மாற்றம். குறையைச் சொல்பவர் நிலை மாறியதா என்பதைக் கட்டடத்தைப் பார்த்து அறிய முடியாது. பெண்கள் விடுதிகளை முறைப்படுத்தும் 2014ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டத்தின் கீழ் உரிமம் கட்டாயம். உரிமம் பார்க்க வருகிற அதிகாரி கதவையும் சுவரையும் கேமராவையும் பார்ப்பதோடு, இங்கே கடைசியாக யார் புகார் சொன்னார், அவர் இப்போது எங்கே என்றும் கேட்டால்தான் அந்தச் சட்டத்துக்குப் பொருள் உண்டு.

6. என்ன கற்றுத்தருகிறோம்?

வீட்டில் தரப்படும் தற்காப்புக் கல்வி எல்லோருக்கும் தெரியும்: இருட்டுறதுக்குள்ள வந்துடு, யார்கிட்டயும் பேச்சு வெச்சுக்காதே, போன் அடிச்சா எடு, லொகேஷன் அனுப்பு. பள்ளியில் கராத்தே, சிலம்பம். ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வித் திட்டத்தில் மாணவிகளுக்குத் தற்காப்புப் பயிற்சி தர, பள்ளிக்கு மாதம் 5,000 ரூபாய் வீதம் மூன்று மாதங்களுக்கு நிதி ஒதுக்கப்படுகிறது. காவல்துறை தரப்பில் காவலன் செயலி, 112, பெண்களுக்கான 181, குழந்தைகளுக்கான 1098 ஆகிய எண்கள்.

இவற்றில் பெரும்பாலானவை ஆபத்தை வெளியாளாக, இருட்டில் வருபவராகக் கற்பனை செய்கின்றன. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குகள் ஆண்டுதோறும் வேறொன்றைச் சொல்கின்றன: வன்புணர்வு வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேலானவற்றில் குற்றம்சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிந்தவர். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் (2019–21), தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் ஏறத்தாழ 38 விழுக்காட்டினர் கணவரின் வன்முறைக்கு ஆளாகியிருந்தார்கள். 2021 டிசம்பரில், விடுதிப் போராட்டம் நடந்த அதே நாட்களில், பூந்தமல்லியை ஒட்டிய மாங்காட்டில் பதினோராம் வகுப்பு மாணவி ஒருவர் பாலியல் தொல்லையைப் பற்றி எழுதிவைத்துவிட்டு உயிரை மாய்த்துக்கொண்டார். பழக்கமான ஓர் இளைஞர் கைதானார். பெண்களை மதிக்கப் பெற்றோர் மகன்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்ற வேண்டுகோள் அக்கடிதத்தில் இருந்தது. தற்காப்புப் பாடத்தை யாருக்கு நடத்தவேண்டும் என்ற கேள்விக்கு ஒரு பள்ளி மாணவி அளித்த பதில் அது.

தெரிந்தவரை மனத்தில் வைத்து அமைக்கப்படும் பயிற்சி பலன் தருமா? கனடாவின் மூன்று பல்கலைக்கழகங்களில் முதலாண்டு மாணவிகள் 893 பேரிடம் சார்லீன் சென் குழுவினர் நடத்திய ஆய்வு 2015இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளிவந்தது. ஒரு பிரிவினருக்குத் துண்டறிக்கைகள். இன்னொரு பிரிவினருக்கு மொத்தம் பன்னிரண்டு மணி நேரப் பயிற்சி. ஓராண்டுக்குள் வன்புணர்வுக்கு ஆளானவர்கள் முதல் பிரிவில் 9.8 விழுக்காடு, இரண்டாம் பிரிவில் 5.2 விழுக்காடு. பயிற்சியில் உடல்வழித் தடுப்பு ஒரு பகுதிதான். பழகியவர் எல்லை மீறும்போது அதை ஆபத்து என்று தனக்குத்தானே ஒப்புக்கொள்வது, ‘அவர் மனம் புண்படுமே’ என்ற தயக்கத்தைக் கடப்பது, தனக்கு வேண்டியது எது, வேண்டாதது எது என்று தெளிவது ஆகியவையே மிகுதி.

கனடாவின் பல்கலைக்கழக மாணவிக்குப் பொருந்துவது அம்பத்தூர் தையல் தொழிலாளிக்கு அப்படியே பொருந்தாது. தனக்கு வேண்டியதைத் தெளிந்து சொல்லும் சுதந்திரம் அம்மாணவிக்கு ஓரளவேனும் இருக்கிறது. இங்கே அதுதான் தடைப்பட்டிருக்கிறது. யாரோடும் பேசாதே என்று வளர்க்கப்பட்ட பெண், பேசியதால் வந்த தொல்லையை வீட்டில் எப்படிச் சொல்வார்? ஒரு புகைப்படத்தைக் காட்டி மிரட்டுபவனின் பலமெல்லாம் ‘உங்க அப்பாகிட்ட சொல்லட்டுமா?’ என்ற ஒரே வாக்கியத்தில் இருக்கிறது. அந்த வாக்கியத்துக்குப் பலம் தந்தது வீடு. குழந்தைகள் மீதான பாலியல் வன்முறைக்கு எதிராகச் சென்னையில் 2004 முதல் இயங்கும் துளிர் போன்ற அமைப்புகளின் பணி காட்டுவதுபோல், பாதுகாப்புக் கல்வி பெரியவர்களையும் சேர்த்துத்தான் நடக்க முடியும். நம்பும் பெரியவரிடம் சொல் என்று குழந்தைக்குக் கற்பிப்பவர்கள், நம்பத்தக்க பெரியவராக இருக்கப் பெரியவர்களுக்கும் கற்பித்தாக வேண்டும்.

7. திண்டுக்கல் தரும் ஒப்பீடு

வேலையிடத்தில் இது எப்படி நடக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. அது ஒரு மரணத்தின் பின் வந்தது. 2021 ஜனவரித் தொடக்கத்தில், திண்டுக்கல் மாவட்ட ஆடை ஆலை ஒன்றில் வேலை செய்த இளம் தலித் பெண் வேலைக்குப் போய்த் திரும்பவில்லை. சில நாட்களுக்குப்பின் உடல் கிடைத்தது. அவருடைய மேற்பார்வையாளர் கைது செய்யப்பட்டார். பல மாதங்களாகத் தொல்லை இருந்ததைக் குடும்பமும் சக தொழிலாளர்களும் அறிந்திருந்தார்கள். சொன்னால் வேலை போகும் என்று அஞ்சினார்கள். பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம் 2013 முதல் இருக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு கட்டாயம். காகிதத்தில் இருக்கும் குழு அவரைக் காக்கவில்லை.

2022இல் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்டு காமன் லேபர் யூனியனும் ஆலையை நடத்தும் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸும் எச் அண்டு எம், கேப், பி.வி.எச். ஆகிய வணிக நிறுவனங்களும் சேர்ந்த திண்டுக்கல் உடன்படிக்கை கையெழுத்தானது. அதன் மையக்கூறு, தொழிலாளர்களிலிருந்தே தேர்ந்து பயிற்சி பெற்ற பெண்கள் தளத்தில் கண்காணிப்பாளர்களாக இருப்பதும், புகார் சொன்னவரைப் பழிவாங்கினால் ஆலை ஆர்டரை இழக்க நேரும் என்பதும்தான். முதலாண்டு அறிக்கையில் 185 முறையீடுகள் பதிவாயின. மிகப் பெரும்பாலானவை தீர்க்கப்பட்டன. முறையீடுகள் கூடியது ஆபத்து கூடியதற்கு அடையாளம் என்று கொள்ளக்கூடாது. சொல்வதால் வரும் இழப்பை ஆலையின் பக்கம் மாற்றியபோது பெண்கள் சொன்னார்கள். அம்பத்தூர் தொழிற்பேட்டையின் ஆடைக் கூடங்களில் தொழிற்சங்கம் மெலிந்தும் ஒப்பந்த வேலை மிகுந்தும் இருப்பதால் இந்த ஏற்பாடு அப்படியே பெயர்ந்து வராது. அதன் தருக்கம் வரமுடியும்.

8. மறுப்புகள்

இந்த வாதத்துக்கு மூன்று வலுவான மறுப்புகள் உண்டு. முதலாவது, வெளியாள் ஆபத்தும் பின்தொடர்வோரின் வெறியும் கற்பனையல்ல. 2016 ஜூன் 24 காலை நுங்கம்பாக்கம் ரயில் நிலைய நடைமேடையில் ஒரு மென்பொருள் பொறியாளர் வெட்டிக் கொல்லப்பட்டார். 2022 அக்டோபரில் பரங்கிமலை நிலையத்தில் ஒரு கல்லூரி மாணவி ரயில்முன் தள்ளப்பட்டார். மகளைப் பார்த்து ‘சீக்கிரம் வந்துடு’ என்று சொல்லும் தாயை நகைக்க யாருக்கும் தகுதியில்லை. நடமாட்டத்தில் எச்சரிக்கை வேண்டும். அது முழுப்பாடமாகிவிடக் கூடாது என்பதே இங்கே சொல்லப்படுவது.

இரண்டாவது, சொல்வதால் மட்டும் என்ன பயன்? பரங்கிமலைக் கொலையாளிமீது முன்பே புகார் இருந்தது, எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள் என்று அப்போது செய்திகள் வந்தன. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவி ஒருவர் தனக்கு நேர்ந்த பாலியல் வன்முறை பற்றித் துணிந்து புகார் கொடுத்தபோது, அவரது அடையாளம் அடங்கிய முதல் தகவல் அறிக்கையே வெளியே கசிந்தது. உயர்நீதிமன்றம் அந்த அறிக்கையின் மொழியைக் கண்டித்து, 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்க ஆணையிட்டது. இந்த மறுப்பு இக்கட்டுரையின் வாதத்துக்கு உரம் சேர்க்கிறது: சொல்வதற்கு விலை வைப்பவற்றில் காவல் நிலையமும் ஒன்று.

மூன்றாவது, பெற்றோர் தரப்பிலிருந்து வருவது: இது மகள்கள் ஓடிப்போவதற்குத் துணைபோவதல்லவா? வயதுவந்த பெண் யாரோடு வாழ்வது என்பதை அவரே முடிவு செய்வார் என்று உச்சநீதிமன்றம் 2018இல் ஹாதியா வழக்கில் தெளிவாக்கிவிட்டது. சாதி கடந்து மணந்தவர்களைக் காக்க மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு அமைக்கும்படி சென்னை உயர்நீதிமன்றம் 2016 ஏப்ரலில் ஆணையிட்டது; அதற்கு முந்தைய மாதம்தான் உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையத்தருகே அப்படி மணந்த ஓர் இளைஞர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டிருந்தார். நடைமுறை நோக்கிலும் ஒன்று சொல்லலாம். விரும்புகிறேன் என்று வீட்டில் சொல்ல முடிந்த பெண்ணுக்கு, அந்த ஆள் எப்படிப்பட்டவர் என்று விசாரித்துச் சொல்ல நான்கு பேர் இருப்பார்கள். சொல்ல முடியாதவர், நல்லவனோடும் ஏமாற்றுகிறவனோடும் ஒரே மாதிரி, யாருக்கும் தெரியாமல் போகிறார். ஆள் கடத்துபவன் தேடுவது இந்த இரண்டாம் வகைப் பெண்ணைத்தான்.

9. முடிவுகள்

மேற்கண்ட பரிசீலனையிலிருந்து சில நடைமுறை முடிவுகள் கிடைக்கின்றன. ஆவடி காவல் ஆணையரகம் ஆண்டுதோறும், அடையாளங்களை மறைத்து, எத்தனை புகார்கள், பதிவாக எத்தனை மணி நேரம், எத்தனை பேர் கிடைத்தார்கள், ஒவ்வொன்றும் எவ்வகை நிகழ்வு என்று பிரித்து வெளியிட வேண்டும். எந்த வயதுப் பெண் குறித்த புகாரும் உடனே பதியப்பட வேண்டும்; கிடைத்தவர் வயதுவந்தவராக இருந்து விருப்பத்தோடு போயிருந்தால், நலமாக இருக்கிறார் என்ற செய்தி மட்டும் குடும்பத்துக்குப் போகவேண்டும்; முகவரி அவர் ஒப்புக்கொண்டால்தான். விடுதிகளில், ஒருவர் மருத்துவமனைக்குப் போனாலும் ஊருக்குப் போனாலும், உடன் தங்கியிருப்பவர்களுக்குத் தெரிவிக்கும் நடைமுறை உரிமத்தின் நிபந்தனையாக வேண்டும். தொழிற்பேட்டையின் உள்ளகக் குழுக்களில் ஒப்பந்தத் தொழிலாளிகளுக்கு இடம் வேண்டும். பள்ளிகளில் மூன்று மாதக் கராத்தேவோடு, பழகியவரின் அத்துமீறலைப் பற்றிய வகுப்புகள் மாணவர், மாணவி இருபாலருக்கும் வேண்டும்.

பெற்றோருக்கான வகுப்பு ஒரே கேள்வியோடு தொடங்கலாம்: மகள் ஒரு தொல்லையைச் சொன்னால், எதையெல்லாம் அவளிடமிருந்து பறிக்கமாட்டோம் என்று உறுதி தருவீர்கள்? கல்லூரி, வேலை, கைப்பேசி என்று பட்டியல் வளரும்; அடுத்த மாதமே மாப்பிள்ளை பார்க்கமாட்டோம் என்பதும் அதில் சேரும். இந்தப் பட்டியலுக்குப் பதில் சொல்லாமல் வாங்கித்தரப்படும் செயலியும் விசிலும் மிளகுப்பொடித் தெளிப்பானும் அவரை அந்நியரிடமிருந்து ஓரளவு காக்கலாம். தெரிந்தவரிடமிருந்து காப்பது, சொன்ன பிறகும் மறுநாள் காலை அவர் அதே ரயிலில், அதே கல்லூரிக்கோ கம்பெனிக்கோ போகமுடியும் என்ற உறுதிதான். அரசும் ஆலையும் காவல்துறையும் வகுக்கும் எந்தப் பெண் பாதுகாப்புத் திட்டத்தையும் அந்த உறுதியை எவ்வளவு தருகிறது என்ற அளவுகோலைக் கொண்டே மதிப்பிடவேண்டும்.